செவ்வரளி கூட்டிப்போன ஊர்கள்

எனக்கு வேலூர். கோட்டையும் ஜெயிலும் இருக்கிற வேலூர் இல்லை. காவிரிக்கரையில் வெற்றிலை விளைகிற பரமத்தி வேலூர்.

கொடிக்கால் வைத்திருப்பவன் ஊர் சுற்ற முடியாது. வெற்றிலைக்கொடி கைக்குழந்தை மாதிரி. ஒரு நாள் தண்ணீர் தவறினால் முகம் வாடும். நாமக்கல் கோட்டையைக் கீழே இருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மேலே ஏறியதில்லை. மேட்டூரில் திறந்துவிடுகிற தண்ணீரில்தான் எனக்குச் சோறு. அந்த அணையைக் கண்ணால் கண்டதில்லை. கொல்லிமலை என் தோட்டத்து வரப்பில் நின்றால் நீலமாகத் தெரியும். தெரிகிறதே, போதாதா என்று இருந்தேன்.

பூ வெள்ளையாக வந்திருந்தால் கடைசிவரை அப்படியே இருந்திருப்பேன். சிவப்பாக வந்தது. அதனால் எங்கள் நாட்டைப் பார்த்தேன். எங்களுக்கு நாடு என்றால் இந்த மலைகளுக்கு நடுவில் கிடக்கிற பூமிதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் அக்கா சிலோனிலிருந்து வந்தாள். பெயர் பாவாயி. கட்டிக்கொடுத்துக் கண்டிக்குப் போனவள். மாமா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். சேலம் வேட்டி விற்றார். இந்தத் தரம் அக்கா மகனையும் கூட்டி வந்தாள். பெயர் சந்திரன். அங்கேயே பிறந்து, யாழ்ப்பாணத்து வாத்தியார்களிடம் படித்த பையன். கால்சட்டை, பூட்ஸ், தோளில் ஒரு போட்டோ பெட்டி.

அக்கா வந்த காரியம் வாசலில் கால் வைக்கும்போதே தெரிந்தது. என் மகள் வள்ளியாத்தாளை அவனுக்குக் கேட்க வந்திருந்தாள். முறைதான். அக்காள் மகனுக்குத் தம்பி மகள் உரிமைப் பெண். இல்லை என்று சொல்ல வழியில்லை.

எனக்கு ஒரே பெண். அவள் தாய், இவள் பல் விழுகிற வயதில் போய்விட்டாள். வீட்டில் நானும் இவளும்தான். கடல் தாண்டி அனுப்ப மனசு வரவில்லை. அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வள்ளியாத்தாளைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"பூக் கேட்டுப் பாத்துக்கலாம்" என்றேன்.

எங்கள் பக்கம் எதற்கும் பூக் கேட்போம். கிணறு வெட்ட, மாடு வாங்க, பெண் கொடுக்க. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெற்றிலையில் மடித்து, வாழைநாரில் கட்டி, சாமி காலடியில் வைப்போம். விஷயம் தெரியாத ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் விடு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியைச் சோதித்த மாதிரி. அதைப் பெண்ணைப் பெற்றவன் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இது எங்கள் வீட்டு வழக்கம்.

சாமி வேண்டாம் என்றால் அக்கா என்னைக் கோபிக்க முடியாது. என் யோசனை அதுதான்.

பொட்டலம் கட்டியது வள்ளியாத்தாள். கொடிக்காலில் வளர்ந்த பெண். இலையை மடித்து நாரில் ஒரு சுருக்குப் போட்டாள் என்றால் இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். எதில் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் கபிலர்மலை. பக்கத்து மலை, முருகன் கோயில். குருக்கள் பொட்டலங்களை வேலடியில் வைத்தார். சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. இலையைப் பிரித்தார்கள். சிவப்பு.

எனக்கு மூச்சு வந்தது. முகத்தில் காட்டவில்லை.

படி இறங்கினோம். கீழே வந்து இளநீர் குடித்ததும் அக்கா பேசினாள்.

"முருகனே ரெண்டு கட்டுனவரு. ஒண்ணு பெரியவங்க சொல்லி, ஒண்ணு தானாத் தேடி. அவருகிட்டப் போயிக் கல்யாணத்துக்கு ரோசனை கேட்டது நம்ம தப்புத் தம்பி. மூணு தரம் கேக்கலாம். நம்ம அப்பன் கெணத்துக்கு மூணு தரம் கேட்டாரல்ல?"

"அந்தக் கெணத்துல தண்ணியே வர்லியேக்கா."

"வரும்" என்றாள். அந்தக் கிணறு வெட்டி முப்பது வருஷம் ஆகியிருந்தது.

வள்ளியாத்தாள் இளநீர் மட்டையைக் கீழே வைத்தாள். "நாமக்கல்லுல கோட்ட மேல ஏறலாமுங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"ஆஞ்சநேயரைக் கேக்கலாம். கடல் தாண்டறது அவருக்குத் தெரியாததா?" என்றாள் அக்கா. அப்படித்தான் கிளம்பினோம். எடுக்காத பொட்டலத்தைக் காவிரியில் விட்டேன். கொடிக்காலுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் தண்ணீர் பாய்ச்சச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாமக்கல் மலை ஒரே கல். ஊர் நடுவில் யானை படுத்த மாதிரி கிடக்கிறது. மலையைக் குடைந்து நரசிம்மரை வைத்திருக்கிறார்கள். கல்லிலேயே வெட்டின சாமி. இருட்டில் தீபம் காட்டும்போது அந்த முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. எனக்கு எப்போதுமே வராது. அக்காவுக்கே வரவில்லை.

எதிரே ஆஞ்சநேயர் வெட்டவெளியில் நிற்கிறார். தென்னை உயரம் இருக்கும்போல. மேலே கூரை இல்லை. மழையும் வெயிலும் அவர்மேல்தான்.

"இத்தாச்சோட்டுப் பெரிய சாமிக்கு ஒரு கூரை போடக் கூடாதா?" என்று அக்கா பூக்காரியிடம் கேட்டாள்.

"போட்டா நிக்காதுங்க. அவரு வளர்றாரு."

"இன்னுமா?"

"நீங்க அடுத்த தரம் வந்து பாருங்க" என்றாள் பூக்காரி.

பூக் கேட்கிற விஷயத்தை எடுத்ததும் பட்டர் தலையாட்டினார். "பெருமாள் சந்நிதியில் அந்த வழக்கமில்லையம்மா." அக்கா கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை. பொட்டலங்கள் மடியிலேயே திரும்பின. அதற்காக வந்த வழியே போவதா என்று வள்ளியாத்தாள் முன்னால் நடந்துவிட்டாள். கோட்டைக்கு.

படி என்று பேர். கல்லில் கால் வைக்க வெட்டின பள்ளம்தான். முந்தின நாள் மழையில் பாசி. சந்திரனுடைய பூட்ஸ் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாந்தரம் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டான். வள்ளியாத்தாள் மேலே போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சியில் செங்கல் சுவர் வட்டமாக ஓடுகிறது. உள்ளே ஒரு பெருமாள் கோயில், ஒரு தர்கா. திப்பு சுல்தான் காலத்தில் பட்டாளம் இருந்த இடம் என்று ஒரு கிழவர் சொன்னார். சுவர் ஓட்டையில் கண்ணை வைத்தால் கீழே குளம் ஒரு தட்டளவு. லாரிகள் தீப்பெட்டி. தூரத்தில் காவிரிப் பக்கம் ஒரே பச்சை. அதில் எங்கேயோ என் கொடிக்கால். ஆயுசுக்கும் கீழே நின்று இதைப் பார்த்தவன், மேலே நின்று அதைப் பார்க்கிறேன்.

"நல்ல வடிவு" என்றான் சந்திரன்.

வள்ளியாத்தாள் திரும்பிப் பார்த்தாள். "யாருங்க வடிவு?"

எங்கள் ஊரில் வடிவு என்றால் பெண்பிள்ளை பெயர். எங்கள் தெருவிலேயே இரண்டு வடிவு. அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அழகுன்னு அர்த்தம் சாமி. அங்க அப்படிச் சொல்லுவாங்க. உம்பட மாமனைக் கட்டிக்கிட்டுப் போன புதுசுல அதைக் கேட்டு நானும் சண்டைக்குப் போனவதான்."

சந்திரன் காது சிவந்துவிட்டது. அதற்கு முன்வரை அவன் எதைப் பார்த்தாலும் கண்டியில் இதைவிடப் பெரிது என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண்டிக் குளம் பெரிது, கண்டி மலை உசரம், பேராதனையில் தோட்டம் ஒரு ஊரளவு. அதற்குப்பிறகு குறைத்துக்கொண்டான்.

அடுத்தது திருச்செங்கோடு. எங்கள் பக்கம் செங்கோடு என்று சுருக்கிச் சொல்வோம். மலையே சிவப்பு. ஏறுகிற வழியில் பாறையில் பெரிய பாம்பு செதுக்கியிருக்கிறார்கள். ஐந்து தலை. உடம்பு முழுக்க மஞ்சளும் குங்குமமும். அது வளைந்து கிடக்கிறதைப் பார்த்துச் சந்திரன் போட்டோ பெட்டியை எடுத்தான், பிறகு என்ன நினைத்தானோ உள்ளே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

அதற்கு மேலே அறுபதாம் படி. சத்தியப் படி என்பார்கள். வரப்புத் தகராறு, பங்காளித் தகராறு எதுவானாலும் அந்தப் படியில் நின்று ஒருவன் சொல்லிவிட்டால் முடிந்தது. பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது. எல்லோரும் அந்தப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவார்கள். நாங்களும் அப்படித்தான் ஏறினோம். வள்ளியாத்தாள் மட்டும், கையில் பொட்டலத் தட்டோடு, பாவாடையைத் தூக்கிப் பிடித்து அந்தப் படியில் கால் படாமல் அடுத்த படிக்குத் தாண்டினாள். சின்னப் பிள்ளை விளையாட்டு இன்னும் போகவில்லை என்று நினைத்தேன்.

மேலே சாமி பாதி ஆண், பாதி பெண். ஒரே உடம்பு. குருக்கள் பொட்டலங்களைக் காலடியில் வைத்து, தீபம் காட்டி, தானே ஒன்றை எடுத்தார். சிவப்பு.

"எந்தப் பாதி சொல்லுச்சோ" என்றாள் அக்கா. "ஆம்பளப் பாதி சொல்லியிருக்கும். பொண்ணப் பெத்த அப்பன்காரன் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கும்."

என் முகத்தில் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

அன்று ஒரு ஓட்டலில் சாப்பிட்டோம். சோறு சூடு. ரசம் நன்றாக இருந்தது. சந்திரன் தேங்காய்ச் சம்பல் கேட்டான். பரிமாறுகிறவர் சாம்பார் கொண்டுவந்து ஊற்றினார். "சம்பல்" என்றான் மறுபடி. மறுபடி சாம்பார் ஊற்றினார். இலை ஓரம் கரை கட்ட வேண்டியதாயிற்று. வள்ளியாத்தாள் தன் இலையிலிருந்த தேங்காய்த் துவையலை எடுத்து அவன் இலையில் வைத்தாள்.

அதற்குப்பிறகு வேலூருக்குத் திரும்பியிருக்க வேண்டும். வள்ளியாத்தாள், "எடுக்காத பொட்டலத்தை ஓடற தண்ணியில உடோணுமல்லங்க? இங்க ஆறு இல்லீங்களே" என்றாள்.

"மேட்டூர்ல விடலாம்" என்றான் சந்திரன். அணையைப் பார்க்க அவனுக்கும் ஆசை.

போகிற வழியில் தாரமங்கலம். பஸ் டயர் வெடித்து அங்கே நின்றுவிட்டது. சக்கரம் மாற்றும்வரை அங்கிருந்த சிவன் கோயிலுக்குள் போனோம். சாமியைக் கேட்கவில்லை. "செங்கோட்டுல சொன்னவரும் இவருதான். அதையேதான் சொல்லுவாரு" என்று அக்கா தூணடியில் காலை நீட்டிவிட்டாள்.

கல்லில் இவ்வளவு செய்யலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கல்லில் சங்கிலி. சிங்கத்தின் வாயில் கல் உருண்டை. விரல் விட்டால் உருளுகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. கோயிலில் விளக்குப் போடுகிறவர் எங்களை இரண்டு தூண் காட்டக் கூட்டிப்போனார். ஒன்றில் ராமர் மறைந்து நின்று அம்பு விடுகிறார். ஒன்றில் வாலி. "ராமருகிட்ட நின்னா வாலி தெரிவான். வாலிகிட்ட நின்னா ராமரு தெரிய மாட்டாரு. பாருங்க" என்றார்.

வள்ளியாத்தாள் என் கையைப் பிடித்து வாலி தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவள் ஓடிப்போய் ராமர் தூணருகில் நின்றாள்.

"தெரியறனுங்களாப்பா?"

"இல்ல சாமி."

"எனக்கு நீங்க தெரியறீங்க."

அவள் குரல் மட்டும் வந்தது. வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

மேட்டூரில் அணை நிறைந்திருந்தது. பதினாறு கண் மதகிலும் தண்ணீர் இறங்குகிறது. சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேச்சுக் கேட்கவில்லை. பேசாதவனுக்கு நல்ல இடம். மேல்பக்கம் கடல் மாதிரி கிடக்கிறது. அதற்கடியில் ஊர்கள் இருந்தனவாம். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் கோயில் நந்தி தலை நீட்டும் என்றார்கள். என் வெற்றிலைக்கு வருகிற தண்ணீர் யாரோ ஒருவர் வீட்டு வாசலைத் தாண்டி வருகிறது. நினைக்கப் பாரமாக இருந்தது.

சந்திரன் பெட்டியைத் திறந்தான். காவல்காரர் கம்போடு ஓடிவந்தார்.

"அணையப் படம் புடிக்கக் கூடாதுங்க. சட்டம்."

சந்திரன் பெட்டியை மூடினான். காவல்காரர் போகவில்லை. தலைப்பாகையைச் சரி செய்தார்.

"என்னையப் புடிக்கலாம். அதுக்குச் சட்டமில்லை. நான் நிக்கற எடத்துக்குப் பின்னால அணை இருந்தா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அவரை வைத்தே அணை முழுவதையும் எடுத்தான். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. யார் இது, உங்கள் தாத்தாவா என்று கேட்கிறார்கள்.

கரையில் மீன் வறுக்கிறார்கள். மிளகாய் தடவிப் பெரிய சட்டியில் போட்டு எடுத்து இலையில் தருகிறார்கள். அக்கா விரதம் என்று ஒதுங்கினாள். வாசனை வந்ததும் விரதம் நாளைக்குத்தான் என்றாள். செங்கோட்டுப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டேன். பிரிக்காமல்தான் விட்டேன். போய்ச் சேரட்டும், நம் ஊர் வழியாகத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தரம் ஏற்காட்டில். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறும்போது பஸ் பெருமூச்சு விட ஆரம்பித்தது. ஒரு வளைவில் முன்பக்கம் ஆவி கிளம்பி நின்றுவிட்டது. கண்டக்டர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். "எறங்கி நில்லுங்க. அதுக்கும் தண்ணி தவிக்குமல்ல" என்றார். ஆண்கள் எல்லோரும் ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தோம். ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுபோன மலைக்காரப் பெண்மணி ஆளுக்கொன்று கொடுத்தாள். தோலை உரித்ததும் பஸ் பூராவும் மணந்தது.

மேலே குளிர். ஏரி ஒன்று, சுற்றி மரம், காப்பித் தோட்டம், நடுவில் துரைமார் பங்களாக்கள். பன்னீர் தெளித்த மாதிரி மழை. சேர்வராயன் கோயில் மலை உச்சியில். கோபுரம் இல்லை. குனிந்து நுழைகிற ஒரு குகை. உள்ளே மலைக்காரப் பூசாரி. உள்ளே போய் நின்றால் முதுகில் தண்ணீர் சொட்டுகிறது. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்தார். சிவப்பு. மற்றதை ஓடையில் விட்டுவிட்டு வந்தேன்.

மூன்று ஆகிவிட்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையா, அழுகையா தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அவளைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் தம்பி இல்லாத ஊரில் காலம் தள்ளினவள். நம் வீட்டுப் பெண் ஒன்று பக்கத்தில் வேண்டும் என்று கடல் தாண்டி வந்திருக்கிறாள்.

சாயங்காலம் மழை விட்டது. மலை விளிம்பில் துரைசானிமார் வந்து உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நின்றோம். கீழே சேலம் விளக்கு வைத்துக்கொண்டிருந்தது. மேற்கே மேட்டூர்த் தண்ணீர் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னியது. வள்ளியாத்தாளும் சந்திரனும் கம்பியோரம் நின்றார்கள். அவன் பேச்சு என் காதில் விழுந்தது.

"சிகிரியா எண்டு ஒரு கல்மலை இருக்கு. நாமக்கல்லைப்போலத் தனிக் கல். பாதி ஏறினா சுவரில பொம்பிளைகளின்ர படம் எழுதியிருக்கு. எப்பவோ ஒரு ராசா எழுதுவிச்சது. சாயம் இன்னும் போகேல்ல."

"பொம்பளைங்க அங்க ஏறலாங்களா?"

"ஓம். ஏன் ஏறக் கூடாது?"

"கலியாணம் ஆனவங்க?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் உச்சிமட்டும் போனதில்லை. பயம். நீங்கள் முன்னால போனா வருவன்."

அவள் சிரித்தாள். நான் வேறுபக்கம் பார்த்தேன்.

மறுநாள் சேலம் பஸ் ஸ்டாண்டு. வேலூர் பஸ்ஸுக்கு நின்றோம். எல்லாம் முடிந்தது என்றுதான் நின்றேன். வள்ளியாத்தாள் ஒரு பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அப்பா, சேந்தமங்கலம் போற பஸ்ஸுங்க. அங்க இருந்துதானுங்களே கொல்லிமலைக்கு ஏறுவாங்க?"

அக்கா நிமிர்ந்தாள். "எட்டுக்கை அம்மன்! ஏந்தம்பி, இதுவரைக்கும் ஆம்பளச் சாமியாப் பாத்தே கேட்டிருக்கறம். பொட்டப்புள்ள காரியத்தைப் பொம்பளையக் கேக்க வேண்டாமா?"

"மூணு கேட்டாச்சேக்கா."

"மழையில கேட்டது கணக்கில்லை. அவருக்குக் காதுலயே விழுந்திருக்காது."

கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. நடைதான். அக்காவுக்கு டோலி பேசினோம். தூக்கினவர்கள் இரண்டு பேரும் மலைக்காரர்கள். ஒரு மூங்கிலில் துணி கட்டி அக்காவை உட்கார வைத்தார்கள். கொஞ்சதூரம் போனதும் முன்னால் இருந்தவர் கேட்டார்.

"ஏனுங்கம்மா, சிலோன்ல சோறு நல்லாக் கெடைக்குதுங்களா?"

"கெடைக்குதே, ஏன்?"

"தோளுக்குத் தெரியுதுங்க."

அக்கா டோலியிலிருந்தே கை நீட்டி அவர் தலையில் தட்டினாள். மலை பூராவும் அவர்கள் மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். உச்சி சேரும்போது சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அன்று இரவு அவர்கள் வீட்டில்தான் தங்கினோம். சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு, பிறகு ஒரு கொட்டாங்கச்சியில் தேன். இவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை. நடந்த பசியும் ஒரு காரணம்.

சந்திரன் காலில் அட்டை கடித்து ரத்தம். ஒன்றும் சொல்லாமல் சுண்ணாம்பு வாங்கித் தடவிக்கொண்டான். வழியெல்லாம் அக்கா மூட்டையையும் என் மூட்டையையும் அவன்தான் சுமந்து வந்தான். கண்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நல்ல பையன்தான். அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்குமா, கஷ்டமாக இருந்திருக்குமா தெரியவில்லை.

விடிந்ததும் ஆகாய கங்கை. அறப்பளீசுவரர் கோயில் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, செங்குத்தான வழியில் வேரைப் பிடித்து இறங்கினோம். அக்கா மேலேயே இருந்துவிட்டாள். கீழே போனால் வானத்திலிருந்து வெள்ளைத்துணி உதறின மாதிரி தண்ணீர் விழுகிறது. கிட்டப் போவதற்குள் நனைந்துவிட்டோம். என் வரப்பிலிருந்து நீலமாகத் தெரிந்ததற்குள் இது இருந்திருக்கிறது.

வள்ளியாத்தாள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, யாரிடமும் என்றில்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

"வடிவா இருக்குதுங்க."

சந்திரன் கேட்டானா தெரியாது. தண்ணீர்ச் சத்தம். எனக்குக் கேட்டது.

மத்தியானம் எட்டுக்கை அம்மன் கோயில். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. சின்னக் கோயில். அம்மன் சிரித்த மாதிரியும் இருக்கிறாள், முறைத்த மாதிரியும் இருக்கிறாள். வள்ளியாத்தாள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்ததில் கடைசி வெற்றிலைகள். கட்டி முடித்துத் தட்டை அவளே அம்மன் காலடியில் வைத்தாள். பூசாரி எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டோலிக்காரர்கள் இரண்டு பேரும் என்ன ஏது என்று தெரியாமலே கும்பிட்டார்கள். "பொம்பளைக்குப் பொம்பளைதான்!" என்று அக்கா வள்ளியாத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஏற்றம் அப்படி.

பூசாரி மற்றப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். மலையில் ஆறு இருக்கிறது. அங்கேயே விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கி, பஸ் ஏறி, ஊர் வந்து சேரும்வரை அது மடியில் இருந்தது. இந்தச் சிவப்பு ஏன் வரவில்லை என்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை காவிரிக்குப் போனேன். படித்துறையில் யாரும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று பொட்டலத்தை எடுத்தேன். இலை வாடி நார் தளர்ந்திருந்தது. பிரிக்கக் கூடாது. தெரியும். பிரித்தேன்.

வெள்ளை அரளி. வாடிப் பழுப்பேறியிருந்தது. ஆனால் வெள்ளைதான்.

தண்ணீர் காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. கபிலர்மலைப் பொட்டலம் இந்தத் தண்ணீரில்தான் போயிற்று. செங்கோட்டுப் பொட்டலம் மேட்டூரிலிருந்து இந்த வழியாகத்தான் வந்திருக்கும். அதிலெல்லாம் என்ன நிறம் இருந்ததென்று காவிரிக்குத்தான் தெரியும்.

பின்னால் கொலுசுச் சத்தம். வள்ளியாத்தாள் குடத்தோடு படி இறங்கி வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"செங்கோட்டுல அறுபதாம் படிய ஏஞ்சாமி தாண்டுனே?" என்று கேட்டேன்.

அவள் குடத்தை இடுப்பு மாற்றினாள். "பயமா இருந்துச்சுங்கப்பா."

அது உண்மை. எனக்குத் தெரிந்தது.

"முன்னமே சொல்லியிருந்தீன்னா நானே எல்லாத்தையும் கூட்டிப் போயிக் காட்டியிருப்பனல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. "கூட்டிப் போயிருக்க மாட்டீங்கப்பா" என்றாள். "கொடிக்காலுக்குத் தண்ணி உடோணும்பீங்க."

அவள் சொன்னது சரி.

"இனி பாக்காதது ஏதாச்சும் இருக்குதா?"

"இங்க இல்லீங்க. எல்லாம் பாத்தாச்சு." குடத்தைத் தண்ணீரில் சாய்த்தாள். அது நிறைந்ததும் நிமிர்த்தினாள். "நீங்களும் பாத்துட்டீங்கல்லங்க. நான் போனப்பறம் மலையப் பாத்தா வெறும் நீலமா இருக்காது."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டேன். சின்ன வயதில் தூக்கிவைத்தது. பிறகு அவளே தூக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். அன்றைக்கு நான் வைத்தேன். அவள் படியேறிப் போனாள். ஒவ்வொரு படியாக, எதையும் தாண்டாமல் போனாள்.

பூவைத் தண்ணீரில் வைத்தேன். கொஞ்சநேரம் என் காலையே சுற்றியது. பிறகு நடு ஆற்றுக்குப் போய் இழுப்பு பிடித்துக்கொண்டது. கிழக்கே போனால் கடல்.

வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலில் சந்திரன் பூட்ஸை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏந்தம்பி, உட்டுட்டயா?"

"உட்டுட்டேன்" என்றேன்.